"வேண்டாமுங்க" என்பவர் எதை வேண்டாம் என்கிறார்? சேலம், சேர்வராயன் மலைப் பகுதிக்கான கேள்வி பதில்

சேலம் நகரத்திலும் ஏற்காடு மலைக் கிராமங்களிலும் சுவிசேஷம் சொல்லப் போகிறவர்கள், புதிதாக ஊழியத்துக்கு வந்தவர்கள், வீட்டில் ஒருவர் மட்டும் விசுவாசியாக இருக்கிற குடும்பங்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கிறிஸ்தவச் செய்தியை ஏற்காதவர்களும் படிப்பார்கள் என்று நினைத்தே எழுதியிருக்கிறோம். படித்துவிட்டு, "ஆமா, எங்க பக்கத்து நியாயத்தைச் சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

கிறிஸ்தவச் செய்தி என்று எதைச் சொல்கிறீர்கள்?

வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அப்போஸ்தலன் பவுல் சொல்வதைத்தான். கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். கூடவே ஓர் அழைப்பு: மனந்திரும்பி அவரை நம்பி அவர் பின்னே வா. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கிறிஸ்துமஸ் கேக், வெள்ளை உடை, ஆங்கிலப் பெயர் எதுவும் இந்தச் செய்தியில் இல்லை. ஆனால் பலர் மறுப்பது இவற்றைத்தான்.

ஒருவர் மறுத்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். "எதனாலங்க அப்படிச் சொல்றீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் உட்கார வேண்டும்.

முதல் சந்திப்பில் நம் ஊர்க்காரர்கள் சொல்வது பெரும்பாலும் மரியாதைக்கான காரணம். "எல்லாச் சாமியும் ஒண்ணுதானுங்களே" என்பார்கள். வந்தவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக அப்படிச் சொல்வது. உண்மைக் காரணம் பழகிய பிறகு வரும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அண்ணன் தம்பி ஒதுக்கிவிடுவார்கள், பையனின் சாதிச் சான்றிதழ் போய்விடும், முன்பு வந்த ஒருவர் ஜெபம் செய்வதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போனார் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். "எல்லாச் சாமியும் ஒண்ணு" என்று கேட்டதும் யோவான் 14:6-ஐ ("நானே வழி" என்று இயேசு சொல்கிற வசனம்) திறந்து ஒரு மணி நேரம் வாதம் செய்கிறார்கள். எதிரில் இருப்பவரின் கவலை மகள் கல்யாணம். அந்தக் கவலைக்கு வசனம் பதில் ஆகாது. மகளின் கல்யாணத்துக்குச் சபை என்ன செய்யும், யார் பெண் கேட்டு வருவார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. பெரும்பாலான சபைகளிடம் இதற்குப் பதில் இல்லை. இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுவது நேர்மை.

நம் பகுதியில் மறுப்புக்கு மிகப் பெரிய காரணம் எது?

உறவு. கொள்கை அதற்கு அடுத்துதான் வருகிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். சேலம் மாவட்டத்தில் அதைவிட மிகவும் குறைவு. கன்னியாகுமரியிலோ தூத்துக்குடியிலோ கிறிஸ்தவராக மாறுகிறவருக்குச் சுற்றிலும் ஒரு சமூகம் தயாராக இருக்கும். இங்கே ஒரு தெருவில் மாறுகிறவர் அநேகமாகத் தனியாள்.

அவர் எதிலிருந்து வெளியேறுகிறார் என்று பாருங்கள். பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான குலதெய்வம் ஒன்று இருக்கிறது. அந்தக் கோயிலில் தலைக்கட்டு வரி கொடுப்பவர்தான் பங்காளி. பிள்ளைக்கு முதல் மொட்டை அங்கேதான் அடிக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதி அங்கேதான் போகும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் ஊரே ஒரு ஒழுங்குக்குள் வந்துவிடுகிறது. குகையில் வண்டி வேடிக்கைக்குத் தெருத் தெருவாகச் சேர்ந்து உழைக்கிறார்கள். அம்மாபேட்டையிலும் குகையிலும் தறி ஓட்டுகிற குடும்பத்துக்கு நூல் கொடுப்பவரும், அவசரத்துக்குக் கடன் கொடுப்பவரும், பெண் எடுக்கிற மாமன் வீடும் பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள் இருக்கிறார்கள். இவ்வளவையும் பிடித்துவைத்திருக்கும் கயிறு கோயில். "சாமி கும்பிட மாட்டேன்" என்ற ஒரு வார்த்தை அந்தக் கயிற்றை அறுக்கிறது.

மலையில் இது இன்னும் ஆழம். சேர்வராயன் மலையின் உச்சியில், 5,326 அடி உயரத்தில், குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மலையாளிப் பழங்குடியினருக்கு அந்தத் தெய்வமும் மலையும் மழையும் வெவ்வேறு அல்ல. மே மாதத் திருவிழாவுக்கு எல்லாக் கிராமத்தாரும் கூடுகிறார்கள். அங்கே ஒருவர் வராமல் இருந்தால் அது அவருடைய சொந்த விருப்பமாகப் பார்க்கப்படாது. ஊரை விட்டுக்கொடுத்ததாகப் பார்க்கப்படும்.

இந்த மறுப்பை "மூடநம்பிக்கை" என்று மேடையில் பேசுகிறவர்கள் மறுப்பைக் கூட்டுகிறார்கள். தாய் தகப்பனையும் ஊரையும் விட்டுக்கொடுக்காத குணம் நல்ல குணம். "என்னைப் பின்பற்றுவதற்கு முன் செல்லும் செலவை உட்கார்ந்து கணக்குப் பார்" என்று இயேசுவே லூக்கா 14-இல் சொல்கிறார். கணக்குப் பார்த்துவிட்டு "முடியாது" என்பவர், கணக்கே பார்க்காமல் தலையாட்டுகிறவரைவிட இயேசுவைக் கவனமாகக் கேட்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆடிக் கூழோ பொங்கலோ கொண்டுவந்தால் வாங்கலாமா? ஊர்க்கோயில் வரி கேட்டால்?

அதிகச் சண்டை வருவது இந்த இடத்தில்தான். வாசலில் தூக்குப்பாத்திரத்தோடு பக்கத்து வீட்டு அக்கா நிற்கிறார். உள்ளே இருந்து, "நாங்க இதெல்லாம் சாப்பிடறதில்லீங்க" என்று பதில் போகிறது. அக்கா ஒன்றும் சொல்லாமல் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு போகிறார். அன்றைக்கு மறுக்கப்பட்டது கூழ் மட்டும் கிடையாது. அடுத்த முறை நாம் சொல்ல வருவதைக் கேட்க அந்த வீட்டில் ஆள் இருக்காது.

படைத்த உணவைப் பற்றி 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்கள் பேசுகின்றன. சந்தையில் விற்பதை மனச்சாட்சியின் பொருட்டு ஒன்றும் விசாரியாமல் சாப்பிடலாம். "இது படைத்தது" என்று சொல்லிக் கொடுத்தால் சொன்னவர் நிமித்தம் சாப்பிட வேண்டாம். கோயில் பந்தியில் உட்கார வேண்டாம் என்பது அங்கே உள்ள வரிசை. இதை வைத்துச் சபைகள் வெவ்வேறு முடிவு எடுக்கின்றன. எந்த முடிவாக இருந்தாலும் முகம் திருப்புவதற்கு இடமில்லை. சாப்பிட மனசாட்சி இடம் தராவிட்டால், அவரை வீட்டுக்குள் அழைத்து, உட்காரவைத்து, காப்பி கொடுத்து, தனக்கு ஏன் முடியவில்லை என்று நேரில் சொல்ல வேண்டும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. வீட்டில் இருக்கும் வாழைப்பழமோ முருங்கைக்காயோ போட்டு அனுப்புவது இந்த ஊர் வழக்கம்.

வரி விஷயத்தில், பூஜைக்கான பங்கைத் தவிர்த்துவிட்டு ஊர்ப் பொதுச் செலவுக்கு அதே தொகையையோ சற்றுக் கூடுதலாகவோ கொடுக்கலாம். கிணறு தூர்வார, தெருவிளக்கு போட, பந்திக்கு அரிசி என்று பெயர் சொல்லிக் கொடுப்பதைப் பெரியவர்கள் பல ஊர்களில் ஏற்றுக்கொள்வார்கள். பேச வேண்டியது நோன்பு சாட்டுவதற்கு முன்பு. வசூலுக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும்போது பேச ஆரம்பித்தால் கஞ்சத்தனமாகத்தான் தெரியும்.

அப்பா இறந்தால் கொள்ளி வைப்பது யார்?

"எனக்குக் கொள்ளி போட மாட்டியாடா?" என்று தகப்பன் கேட்கிற ஒரு கேள்விக்குப் பயந்தே சுவிசேஷத்தை மறுத்த மூத்த மகன்கள் உண்டு. இதை உயிரோடு இருக்கும்போதே பேசித் தீர்க்க வேண்டும். பாடை தூக்குவது, குழி வெட்டவும் விறகுக்கும் ஆகும் செலவு முழுவதையும் ஏற்பது, மயானம் வரை கூட நடப்பது, 16-ஆம் நாள் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவது இவற்றில் விசுவாசத்துக்குத் தடை ஒன்றும் இல்லை. சடங்கைத் தம்பியோ பங்காளியோ செய்யலாம். தகப்பனின் சவத்தருகே நிற்காமல் சபைக் கூட்டத்துக்குப் போனவரைப் பற்றி ஊர் ஒரு தலைமுறைக்குப் பேசும். பேசுவதில் நியாயமும் இருக்கிறது.

"உங்க கிட்டயும் சாதி இருக்கே?" என்கிறார்கள். என்ன சொல்வது?

இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இதைவிட வலுவான எதிர்ப்பு தமிழ்நாட்டில் வேறு இல்லை. சுற்றி வளைத்தால் மீதி நம்பிக்கையும் போய்விடும்.

பிரச்சினை பழையது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முடிவாக ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதற்கு உடன்படாமல் சபையை விட்டே விலகினார்கள். சபையை விட மனம் இருந்தது, சாதியை விட மனம் இல்லை. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு (தனிப் பாதிரியார் உள்ள திருச்சபைப் பிரிவு) கேட்டதை ஒட்டி நடந்த மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. தனிக் கல்லறைகளும் கல்லறைக்குள் தடுப்புச் சுவரும் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரத்தில் சாதிப் பெயரைத் தேட வேண்டியதே இல்லை, முதல் வரியில் இருக்கும்.

அம்பேத்கர் 1935-இல் இயோலாவில் தான் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்த பிறகு பல மதத் தலைவர்களும் அவரை அணுகினார்கள். அவர் கிறிஸ்தவத்தைக் கவனமாகப் படித்தவர். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அவர் ஏற்றது பௌத்தத்தை. இந்தியக் கிறிஸ்தவர்களிடையே சாதி ஒழியாததை அவர் வெளிப்படையாகவே விமர்சித்திருக்கிறார்.

இதற்கு வாயால் பதில் கிடையாது. ஒரே பந்தி, ஒரே அப்பம், ஒரே கல்லறை, சாதி மாறிச் சம்பந்தம் செய்கிற மூப்பர் குடும்பங்கள் இவை இருக்கிற சபையைக் காட்டலாம். இல்லாத சபை இந்தக் கேள்விக்கு முன் தலைகுனிந்து நிற்பதுதான் சரி.

மாறினால் சாதிச் சான்றிதழ் போய்விடுமா?

பட்டியல் சாதியினருக்கு: போகும். 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பு (பட்டியல் சாதியினர்) ஆணையின்படி இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) தவிர வேறு மதத்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவராக மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அருந்ததியருக்கான 3 சதவீத உள்ஒதுக்கீட்டையும் சேர்த்த 18 சதவீத ஒதுக்கீட்டை விட்டு, 26.5 சதவீதத்தில் பலமான போட்டிக்குள் போக வேண்டியிருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் பட்டியல் சாதித் தகுதியைச் சார்ந்தது. இந்த ஆணையை மாற்றிக் கிறிஸ்தவ தலித்துகளையும் சேர்க்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19-இல் தீர்மானம் போட்டது.

சிலர் சான்றிதழில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமை சபையிலுமாக இருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குப் போய்க்கொண்டே பட்டியல் சாதிச் சான்று கேட்ட ஒருவரின் வழக்கில், 2024 நவம்பர் 26-இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. சலுகைக்காக மட்டும் மதம் சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றும் கூறியது. "ஒண்ணும் ஆகாது, யாருக்குத் தெரியும்" என்று சொல்லி ஞானஸ்நானம் கொடுப்பவர், ஒரு பிள்ளையின் படிப்போடு விளையாடுகிறார்.

மலையாளிப் பழங்குடியினருக்கு நிலைமை வேறு. பழங்குடியினர் ஆணையில் மத நிபந்தனை இல்லை. மதம் மாறியதால் மட்டும் ஒருவர் பழங்குடி அல்லாதவர் ஆகிவிட மாட்டார். ஆனால் அவர் இன்னும் அந்தச் சமூகத்தின் பழக்க வழக்கங்களோடும் அதன் பின்தங்கிய நிலையோடும் வாழ்கிறாரா என்று பார்க்கலாம் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் சொன்னது. ஆகவே ஊரோடு உறவை முறித்துக்கொண்டு போவது மலையில் சட்டப்படியும் ஆபத்து.

சான்றிதழுக்காக ஒருவர் மறுத்தால் "பணத்துக்காக இயேசுவை விட்டார்" என்று பேசாதீர்கள். மூன்று தலைமுறைக்குப் பிறகு முதன்முதலாகக் கல்லூரி வாசலுக்கு வந்த பிள்ளையின் இடம் அது.

சட்டப்படி வேறு என்ன மாறும்?

ஞானஸ்நானத்துக்கு முன் திருமணமானவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியவை இவை. இந்துத் திருமணச் சட்டம் 1955-இன் 13-ஆம் பிரிவுப்படி, துணைவர் வேறு மதத்துக்கு மாறியதைக் காரணமாகக் காட்டி மற்றவர் விவாகரத்து கேட்கலாம். மாறிய மனைவி, 1956-ஆம் ஆண்டு தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி கணவனிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமையை இழக்கிறார். பிள்ளைகளுக்கு இயற்கைக் காப்பாளர் என்ற தகுதியும் இந்துச் சட்டத்தின் கீழ் போகிறது. மாறியவரின் சொந்தச் சொத்துப் பங்கு போகாது. ஆனால் மாறிய பின் பிறக்கும் பிள்ளைகளுக்கு, வாரிசுரிமை தொடங்கும்போது அவர்கள் இந்துவாக இல்லையென்றால், இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இது. கையெழுத்துப் போடும் முன் வக்கீல் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"செய்தவன்தான் அனுபவிக்கணும். எனக்காக இன்னொருத்தர் சாவது என்ன நியாயம்?"

செய்தியின் நடு நெஞ்சைத் தொடும் கேள்வி இது. கேட்கிறவர் செய்தியைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார். "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்று கணியன் பூங்குன்றனார் பாடிய மண்ணில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வினையை அவனவன் அனுபவித்தே தீர வேண்டும் என்பதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. அது ஒழுக்கத்துக்கும் காவல்.

கிறிஸ்தவப் பதில் இப்படி நகர்கிறது. சிலுவையில் யாரோ மூன்றாவது ஆள் அகப்பட்டுத் தண்டனை வாங்கவில்லை. தீங்கு செய்யப்பட்ட கடவுளே அந்த நஷ்டத்தைத் தன்மேல் ஏற்கிறார் என்பது நம்பிக்கை. கடன் கொடுத்தவரே பத்திரத்தைக் கிழித்தால் அந்த நஷ்டம் அவருடையது. அதை அநியாயம் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, மன்னிக்கப்பட்டவனுக்கு விளைவுகள் மாயமாகப் போவதில்லை. வரி வசூலிப்பவன் சகேயு மனம் மாறிய அன்றே, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான் (லூக்கா 19). "இயேசு மன்னிச்சிட்டாரு" என்று சொல்லிக்கொண்டு சீட்டுப் பணத்தைத் திருப்பித் தராத விசுவாசி இந்தப் பதில் முழுவதையும் பொய்யாக்கிவிடுகிறார்.

இதைக் கேட்டுவிட்டும் ஒருவர் "எனக்கு ஒப்பவில்லை" என்றால், அது அறியாமை ஆகாது. சிலுவை ஒரு கூட்டத்துக்கு இடறல், இன்னொரு கூட்டத்துக்குப் பைத்தியக்காரத்தனம் என்று பவுலே எழுதியிருக்கிறார்.

"இயேசு மட்டும்தான் வழியா?"

காந்தி தடுக்கி நின்ற இடம் இது. மலைப்பிரசங்கம் தன் நெஞ்சைத் தொட்டதாக எழுதிய அவர், இயேசு ஒருவரே கடவுளின் அவதார மைந்தர், அவரை நம்புகிறவருக்கு மட்டுமே நித்திய வாழ்வு என்பதைத் தன்னால் நம்ப முடியவில்லை என்றும் சுயசரிதையில் எழுதினார். ராஜ்கோட்டில் பள்ளி நாட்களில் தெருமுனையில் நின்று இந்துத் தெய்வங்களைத் திட்டிய பிரசங்கியாரைக் கேட்டு வெறுப்புற்றதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். இரண்டும் வெவ்வேறு தடைகள். இரண்டாவதை நாம் நீக்க முடியும். முதலாவதை நீக்கினால் செய்தியே மாறிவிடும்.

மற்ற மதங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் தள்ளுவதில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. ஒருவருடைய வழிபாட்டைப் பழிக்காமலே இயேசுவைப் பற்றிச் சொல்ல முடியும்; அப்போஸ்தலர் 17-இல் ஏதென்ஸ் நகரத்தாரிடம் பவுல் அவர்களுடைய பலிபீடத்திலிருந்தும் கவிஞர்களிடமிருந்தும்தான் பேச்சைத் தொடங்குகிறார். அப்படிப் பேசியும் சிலர் கேலி செய்தார்கள், சிலர் "இன்னொரு நாள் கேட்போம்" என்றார்கள், சிலர் நம்பினார்கள்.

கடவுளே இல்லை என்பவர்களிடம்?

1944 ஆகஸ்ட் 27-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இதே சேலம் மாநாட்டில். பெரியாரின் கேள்விகள் இந்த ஊருக்குப் புதியவை கிடையாது. அவரைப் படித்தவர்கள் கோயிலையும் தேவாலயத்தையும் ஒரே தராசில்தான் வைக்கிறார்கள்: கடவுள் பேரால் யார் பிழைக்கிறார்கள், யார் அடிமையாகிறார்கள்? நேர்மையான கேள்வி. ஆமோஸ், எரேமியா தீர்க்கதரிசிகளும் இதையே கேட்டார்கள். அதிசயக் கதைகளை அடுக்குவதை விட்டுவிட்டு, சபையின் வரவு செலவுக் கணக்கை அவர் பார்க்கும்படி வைத்தால் பேச்சு நகரும். துன்பம் ஏன் என்ற கேள்விக்கு முழு விடை வேதாகமத்திலேயே இல்லை. எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை.

"வெள்ளைக்காரன் மதம்" என்கிறார்களே?

பாதி உண்மை. லண்டன் மிஷனரி சங்கம் 1827-இல் சேலத்துக்கு வந்தபோது கம்பெனி ஆட்சி நடந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டமும் வெள்ளைக்காரத் துரைமாரும் தேவாலய மணியும் சேர்ந்தே வந்தன. இன்றும் மலைவாசிக்கு அங்கே கண்ணில் படும் கிறிஸ்தவம், 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி ஆகியவற்றின் பெரிய கேட்டு. தன் பிள்ளை அந்தக் கேட்டுக்கு வெளியே நிற்கும்போது அவருக்கு அது பணக்காரர் மதமாகத் தெரிவதில் வியப்பில்லை.

மறுபாதியும் உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்து, மாமிசம் விட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, 1620-களில் சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் வரை வந்துவிட்டார். அப்போது இங்கே வெள்ளைக்கார ஆட்சி கிடையாது.

சுகம் கிடைக்கும் என்று வந்தவர்கள் ஏன் விலகுகிறார்கள்?

சுகத்துக்காக மட்டும் அழைத்ததால். ஜெபத்தில் சுகம் பெற்றதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெறாதவர்கள் அவர்களைவிட அதிகம். பெறாதவரிடம் "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்வது, நோயாளியின் தலையில் இரண்டாவது சுமையை ஏற்றுவது. பவுல் தன் உடலில் இருந்த வேதனையை "முள்" என்றார்; நீங்கும்படி ஜெபித்தும் அது நீங்கவில்லை. தீமோத்தேயு வயிற்று வலியோடுதான் ஊழியம் செய்தார்.

மருந்தை நிறுத்தச் சொல்வது பாவம், ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிர் போகலாம். இன்சுலினை நம்பியிருக்கும் சர்க்கரை நோயாளி சில நாட்களிலேயே மயக்கத்துக்குப் போகலாம். காசநோய்க்கு வழக்கமான ஆறு மாத மருந்தை இருமல் நின்றதும் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். கான்சர், சர்க்கரை, வலிப்பு போன்றவற்றை மந்திர சக்தியால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஜெபித்துவிட்டு, "மாத்திரையைத் தவறாம போடுங்க, அடுத்த செக்கப்புக்கு நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். கூடப் போங்கள்.

அரிசி, பணம், படிப்புச் செலவு கொடுத்து மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு?

அப்படி நடந்தால் அது தவறு. தகாத வழிகளால் யாரையும் கவர்வதையும் வற்புறுத்துவதையும் கத்தோலிக்கத் திருச்சபையின் 1965-ஆம் ஆண்டு ஏடு கண்டிப்பாகத் தடை செய்கிறது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்ப உரிமை தருகிறது. அதில் இன்னொருவரை மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைமுறையில் ஒரே விதி போதும்: உதவி செய்யும் இடத்தில் ஞானஸ்நானப் பேச்சு வேண்டாம், ஜெபத்துக்கு வராத வீட்டுக்கும் அதே அளவு அரிசி போக வேண்டும். சத்தத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுச் சுவரில் ஸ்பீக்கரைச் சாய்த்துவைத்து அன்பைப் பற்றிப் பேச முடியாது.

எல்லாம் புரிந்த பிறகும் மறுப்பவர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பீட்டர் பெர்சிவலோடு சேர்ந்து வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்க உதவியவர். பெரும்பாலான பாஸ்டர்களைவிட வேதாகமம் அறிந்தவர். சைவராகவே இருந்தார், சைவத்துக்காகவே உழைத்தார். தெரிந்தால் நம்புவார்கள் என்ற கணக்கு அவரிடம் பொய்த்துப்போகிறது.

இயேசுவின் முகத்துக்கு நேரே மறுத்தவர்களும் உண்டு. மாற்கு 10-இல் ஐசுவரியவான் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். இயேசு அவனிடம் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. பின்னால் ஓடி நிபந்தனையைக் குறைத்தார் என்று இல்லை. யோவான் 6-இல் சீஷரில் அநேகர் விலகுகிறார்கள். அவர் பன்னிருவரிடம், "நீங்களும் போக மனதாயிருக்கிறீர்களோ?" என்று கதவைத் திறந்தே வைக்கிறார். அவருடைய சொந்தச் சகோதரரே அப்போது நம்பவில்லை.

மறுத்தவர் நரகத்துக்குப் போவாரா?

இதில் சபைகள் ஒன்றுபடவில்லை. கிறிஸ்துவை அறிந்து ஏற்பவருக்கே மீட்பு என்று பல சுவிசேஷ சபைகள் போதிக்கின்றன. தன் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி நடப்பவரும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கிறது. எந்த நிலைப்பாடாயினும், குறிப்பிட்ட ஒருவரின் முடிவை அறிவிக்கும் அதிகாரம் நம் கையில் இல்லை. செத்துப்போன பாட்டி எங்கே இருக்கிறாள் என்று பேரன் கேட்கும்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கேட்கத் தயாராக இருப்பவருக்கு முதலில் எதைக் கொடுப்பது?

மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரங்கள்தான், நிதானமாக வாசித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மத்தேயுவில் தொடங்கினால் வம்ச வரலாற்றிலேயே களைத்துவிடுவார். வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்கினால் பயந்துவிடுவார். பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் 1995-இல் வெளியான திருவிவிலியத்தைக் கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு அதிகாரம், அவர் வீட்டில், அவர் கேள்வி கேட்க நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஞானஸ்நானத்துக்கு அவசரம் வேண்டாம். கத்தோலிக்கரிடம் பெரியவர்களுக்கான தயாரிப்பு பல மாதங்கள் நடக்கிறது. மற்ற சபைகளும் குறைந்தது ஓர் ஆடி மாதமாவது கடந்து போகும்வரை பொறுப்பது நல்லது. வரி, கூழ், திருவிழா, பங்காளிப் பேச்சு எல்லாவற்றையும் ஒருமுறை நேரில் பார்த்த பிறகு அவர் சொல்லும் பதில்தான் அவருடைய பதில்.

மனைவி மட்டும் விசுவாசி. கணவர் மறுக்கிறார். என்ன செய்வது?

மனைவியோடு வாழக் கணவர் சம்மதித்தால் பிரிய வேண்டாம் என்று 1 கொரிந்தியர் 7 தெளிவாகச் சொல்கிறது. போதனையில்லாமல் நடக்கையினாலேயே அவரை ஆதாயப்படுத்தலாம் என்கிறது 1 பேதுரு 3. அவருக்குத் தெரியாமல் வீட்டுப் பணத்தில் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கொடுக்காதீர்கள். சாமி படத்தை அவர் இல்லாத நேரத்தில் கழற்றாதீர்கள். அவருடைய அம்மாவின் திதிக்குச் சமைத்துக் கொடுங்கள். பாஸ்டர் அடிக்கடி வீட்டுக்கு வருவதை அவர் விரும்பாவிட்டால், வர வேண்டாம் என்று பாஸ்டரிடம் சொல்லுங்கள். கணவர் அடித்தால் இது பொறுமையாக இருக்க வேண்டிய விஷயமே அல்ல. பெண்கள் உதவி எண் 181.

மறுத்தவர் வீட்டுக்கு மறுபடி போகலாமா?

அவர் வரச் சொன்னால் போகலாம். "இதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்" என்றால் பேசக் கூடாது. பேச்சை விட்டாலும் பழக்கத்தை விட வேண்டியதில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதுங்கள், காய்ச்சல் என்றால் பார்க்கப் போங்கள். பிரசங்கம் செய்ய ஒரு வாய்ப்பு வருமா என்று பார்த்துக்கொண்டே பழகினால் அவருக்கு அது தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து, ஆறு வருஷம் கழித்து, அவரே ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காமலே போனாலும் அவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான்.